பிரசவத்துக்கு உடலைப் பழக்குவது: கடைசி ஆறு வாரங்களுக்கான வழிகாட்டி

34 வாரம் தாண்டியதும் பார்ப்பவரெல்லாம் கேட்பது ஒன்றைத்தான்: "தேதி எப்போ?" கேட்டுக் கேட்டே தாயும் நாளை எண்ணத் தொடங்கிவிடுகிறாள். அடுத்து, என்ன சாப்பிட்டால் வலி சீக்கிரம் வரும், என்ன குடித்தால் வரும் என்று விசாரிப்பு தொடங்கும். வலியை வரவழைப்பது வேறு, வருகிற வலிக்கு உடல் வழிவிடுவது வேறு. முதலாவது பெரும்பாலும் நம் கையில் இல்லை. இரண்டாவதில் நாம் செய்யக்கூடியது நிறையவே இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

குறித்துக் கொடுத்த தேதி என்பது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாளைக் கூட்டி வந்த கணக்கு. அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். 37 வாரம் முடிந்தாலே மாதம் நிறைந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் 39 வரைக்கும் உள்ள அந்த இரண்டு வாரத்தில் குழந்தையின் நுரையீரலும் மூளையும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. மருத்துவக் காரணம் இல்லாமல் அந்த நாட்களைக் குறைப்பதில் லாபம் எதுவுமில்லை.

தொடங்குமுன் ஒரு கேள்வி

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "நடை, உடற்பயிற்சி, மசாஜ், தாம்பத்தியம், இவற்றில் நான் செய்யக்கூடாதது எது?" பொதுவாக "என்ன செய்யலாம்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இப்படிப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் உங்கள் கோப்பைப் புரட்டிப் பார்த்துச் சொல்வார்கள்.

நஞ்சு (நஞ்சுக்கொடி) கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை மூடியிருப்பவர்கள், ரத்தக்கசிவு இருப்பவர்கள், கர்ப்பப்பை வாய்க்குத் தையல் போட்டவர்கள், ரத்த அழுத்தம் ஏறியிருப்பவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், முன்பு சிசேரியன் ஆனவர்கள் கீழே சொல்லும் எதையும் அனுமதி பெறாமல் தொடங்க வேண்டாம். 36வது வாரத்தில் குழந்தையின் தலை கீழே வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் வெளியிலிருந்து கையால் அழுத்தித் திருப்பும் முறை உண்டு. அதை மருத்துவமனையில், பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். வீட்டில் யாரும் வயிற்றைப் பிடித்துத் தேய்த்துத் திருப்பப் பார்க்கக்கூடாது. நஞ்சு கர்ப்பப்பையை விட்டு விலகிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

நடை, இருக்கை, படுக்கை

நாளுக்கு 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் போதும். ஒரே மூச்சில் நடக்க முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடக்கலாம். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், அதுதான் வேகத்துக்கு அளவு. பேச்சு அறுந்து அறுந்து வந்தால் வேகம் கூடிவிட்டது. நடந்தால் வலி வந்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் பிரசவம் பல மணி நேர உழைப்பு, அதற்கு வேண்டிய தெம்பை நடைதான் தரும். தலைசுற்றல், நெஞ்சுவலி, ரத்தம், நீர்க்கசிவு, விடாமல் இறுகும் வயிறு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் பேசுங்கள்.

உட்காரும்போது முழங்காலைவிட இடுப்பு சற்று உயரத்தில் இருக்கட்டும். ஆழமான சோபாவில் சரிந்து உட்கார்ந்தால் இடுப்பு பின்னால் உருண்டு, முதுகு வளைந்து, எழும்போது வலிக்கும். கைகளையும் முழங்காலையும் ஊன்றி நின்றால் குழந்தை சரியான பக்கம் திரும்பிவிடும் என்று பலரும் சொல்வார்கள். ஆராய்ச்சிகளில் அது உறுதிப்படவில்லை. முதுகுவலி குறைகிறது என்பது மட்டும் உண்மை. அந்த ஒரு காரணத்துக்காகவே அதைச் செய்யலாம்.

28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துத் தூங்கப் போவதுதான் பாதுகாப்பு. மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் கனம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயை நசுக்கி, குழந்தைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. இடமோ வலமோ, எந்தப் பக்கமும் சரிதான். முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணையும் வயிற்றுக்கடியில் மெல்லிய ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரி மல்லாந்து கிடப்பதாக விழிப்பு வந்தால் பதற வேண்டியதில்லை, திரும்பிப் படுத்துக்கொண்டால் போதும்.

நான்கு பயிற்சிகள்

பூனை நீட்டல்: கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே முதுகை மேலே வளைத்து, வால் எலும்பை உள்ளே இழுங்கள். மூச்சை இழுத்துக்கொண்டே முதுகை நேராக்குங்கள். அதற்குக் கீழே தொங்க விடாதீர்கள். பெரிய வயிற்றின் கனத்தில் கீழ்முதுகு இழுபட்டுவிடும். பத்துத் தடவை, காலையும் மாலையும்.

வண்ணத்துப்பூச்சி இருக்கை: இரண்டு உள்ளங்கால்களும் சேரும்படி உட்கார்ந்து, முழங்கால்கள் தானாக விழுமளவுக்கு விழட்டும். கையால் அழுத்த வேண்டாம். கர்ப்பகால ஹார்மோன்களால் மூட்டுகளைப் பிடித்திருக்கும் நாண்கள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும், அழுத்தினால் அளவு தெரியாமல் இழுத்துவிடுவோம்.

குத்துக்கால்: இதுதான் நான்கிலும் பயன் மிகுந்தது. உறுதியான கட்டில் விளிம்பையோ கதவின் இருபுறக் கைப்பிடிகளையோ பிடித்துக்கொண்டு, பாதங்களைத் தோளைவிடச் சற்று அகலமாக வைத்து, மெல்ல இறங்குங்கள். குதிகால் தரையை விட்டு எழுந்தால் கீழே மடித்த துணியை வையுங்கள். அங்கே மூன்று நிதானமான மூச்சு. பிறகு தொடையால் தள்ளி எழுந்திருங்கள். கையால் இழுத்து எழ வேண்டாம். ஐந்து தடவை போதும். குழந்தையின் தலை இன்னும் மேலேயே இருந்தால் ஆழமாக இறங்குவதை மருத்துவரிடம் கேட்டபின் வைத்துக்கொள்ளுங்கள்.

பந்து: உடற்பயிற்சிப் பந்து கிடைத்தால், உங்கள் உயரம் 160 சென்டிமீட்டருக்குள் என்றால் 55 சென்டிமீட்டர் பந்தும், அதற்கு மேல் என்றால் 65 பந்தும் பெரும்பாலும் பொருந்தும். உட்கார்ந்து பாருங்கள்: பாதம் முழுதும் தரையில் படிந்து, இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே நிற்க வேண்டும். தொடை சரிந்து முழங்கால் உயர்ந்தால் காற்றுப் போதவில்லை. சுவரோரமாக, வழுக்காத விரிப்பின்மேல், வெறுங்காலோடு உட்கார்ந்து இடுப்பை வட்டமாகச் சுழற்றுங்கள். வலி வரும் நாளில் இதே பந்து ஆசனமாகவும் சாய்மானமாகவும் உதவும்.

முன்பக்க இடுப்பெலும்பு சேருமிடத்தில் சுருக்கென்ற வலி இருந்தால் வண்ணத்துப்பூச்சியையும் குத்துக்காலையும் விட்டுவிடுங்கள். ஒரே காலில் நின்று உடை மாற்றுவதுகூட அந்த வலியைக் கூட்டும். உட்கார்ந்து மாற்றுங்கள், கட்டிலிலிருந்து இறங்கும்போது இரண்டு காலையும் சேர்த்தே இறக்குங்கள்.

இறுக்கத் தெரிந்தால் போதாது

இடுப்புக்கூட்டின் அடியில் தொட்டில்போலத் தாங்கும் தசைகளைப் பலப்படுத்துவது பலருக்கும் தெரிந்த பயிற்சி: சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவதுபோல் உள்ளே மேலே இழுத்து, 5 முதல் 10 விநாடி பிடித்து, விடுவது. பத்துத் தடவை, நாளுக்கு மூன்று முறை. பிரசவத்துக்குப் பிறகு தும்மினால் சிறுநீர் சிந்தாமலிருக்க இது உதவும். நிஜமாகவே சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவது தவறு. சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் கிருமித்தொற்றுக்கு வழியாகும்.

ஆனால் குழந்தை வெளியே வரும் நேரத்தில் வேண்டியது இறுக்கம் அல்ல, தளர்ச்சி. ஒரு சோதனை செய்து பாருங்கள். பல்லை இறுகக் கடித்து, உதட்டை மூடிக்கொண்டு, கீழ்த்தசைகளைத் தளர்த்தப் பாருங்கள். சரியாக வராது. இப்போது தாடையைத் தொங்கவிட்டு, "ஆஆ" என்று தாழ்ந்த குரலில் மூச்சை விட்டுக்கொண்டே தளர்த்துங்கள். வித்தியாசம் அந்த நொடியிலேயே தெரியும். வாய் தளர்ந்தால் கீழும் தளரும் என்று மருத்துவச்சிகள் சொல்வது இதைத்தான். ஆகவே ஒவ்வொரு இறுக்கலுக்குப் பிறகும் அதைப்போல இரண்டு மடங்கு நேரம் தளர்த்தலுக்குக் கொடுங்கள். 36 வாரத்துக்குப் பிறகு, இறுக்கிப் பிடிப்பதைவிடத் தளர்த்தப் பழகுவதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள்.

பெரினியம் மசாஜ்

பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள சதைப்பகுதியைப் பெரினியம் என்பார்கள். தலை வெளிவரும்போது அதிகம் விரிவதும் கிழிவதும் இதுதான். 34 அல்லது 35 வாரத்திலிருந்து இதை மசாஜ் செய்து பழக்கினால், முதல் பிரசவக்காரர்களுக்குத் தையல் போடும் அளவுக்கு வரும் காயமும், மருத்துவர் கத்தரித்து விடுவதும் குறைகிறது. முன்பு பிரசவமானவர்களுக்குக் காயம் குறைவதைவிட, மாதங்கள் கழித்தும் தொடரும் வலி குறைவதே கண்ட பயன். வாரத்துக்கு ஓரிரு தடவை போதும். தினமும் செய்தால் கூடுதல் பலன் கிடைக்கும் என்பதற்கு ஆதாரமில்லை.

1. நகங்களை ஒட்ட வெட்டி, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெந்நீரில் குளித்த கையோடு செய்தால் சதை இளகியிருக்கும்.

2. முதுகுக்குத் தலையணை அண்டக்கொடுத்துப் பாதி சாய்ந்து, முழங்கால்களை மடக்கி விரித்துக்கொள்ளுங்கள். வயிறு இடைஞ்சலாக இருந்தால் ஒரு காலை முக்காலியில் தூக்கி வைத்து நின்றபடியும் செய்யலாம். முதல் தடவை ஒரு கண்ணாடியை எதிரே வைத்துக்கொண்டால் கை சரியான இடத்துக்குப் போகிறதா என்று தெரியும்.

3. வாசனை சேர்க்காத தாவர எண்ணெய் சில துளி. இரண்டு கட்டைவிரல்களையும் 3 முதல் 4 சென்டிமீட்டர் உள்ளே விடுங்கள்.

4. ஆசனவாய்ப் பக்கமாகக் கீழ்நோக்கி அழுத்துங்கள். லேசான எரிச்சலும் இழுப்பும் தெரியும் இடத்தில் நிறுத்தி, ஒரு நிமிடம்போல அப்படியே வைத்துக்கொண்டு மூச்சை நீளமாக விடுங்கள். தலை வெளிவரும் நேரத்தில் தோன்றும் எரிச்சலின் சிறு சாயல் இது. அதை இறுகாமல் வாங்கிக்கொள்ளக் கற்பதுதான் மசாஜில் பாதிப் பலன்.

5. பிறகு கடிகாரத்தின் 3 மணி இடத்திலிருந்து 6 வழியாக 9 வரை, அரைவட்டமாக, மெதுவாகத் தடவுங்கள். இரண்டு மூன்று நிமிடம். மேல்பக்கம் சிறுநீர்த்துளை இருப்பதால் அங்கே அழுத்த வேண்டாம்.

மொத்தம் ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. முதல் வாரம் தோல் கெட்டியாக, கட்டைவிரல் நகரவே மறுப்பதுபோல் இருக்கும்; இரண்டு மூன்று வாரத்தில் இளக்கம் தெரியும். கை எட்டாவிட்டால் கணவர் தம் ஆள்காட்டி விரல்களால் செய்யலாம், அளவை மட்டும் நீங்களே சொல்லுங்கள். வலித்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். வெள்ளைப்படுதலோடு அரிப்பு, அக்கிப் புண், ரத்தக்கசிவு, பனிக்குடம் உடைந்த நிலை, நஞ்சு கீழே இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் இந்த மசாஜ் கூடாது.

தட்டில்

ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. நல்லபடியாக நடக்கும் பிரசவத்திலேயே சில நூறு மில்லிலிட்டர் ரத்தம் போகும். கையிருப்பு குறைவாக இருக்கும் உடல் அதற்கே தள்ளாடிவிடும். இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புப் பழச்சாறோடு எடுங்கள். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை இவற்றிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி எடுத்தால்தான் உடலில் சேரும். மலம் கறுப்பாகப் போவது இரும்பால்தான், பயமில்லை. மலச்சிக்கல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்; தண்ணீரும் காய்கறியும் கூட்டுங்கள், அப்படியும் தீராவிட்டால் வேறு வகை மாத்திரை கேட்டு வாங்குங்கள்.

பேரீச்சம்பழத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஜோர்டானில் செய்த ஓர் ஆய்வு 2011ல் வெளியானது. தேதிக்கு முந்தைய நான்கு வாரம் நாளுக்கு ஆறு பழம் சாப்பிட்ட பெண்களுக்கு, பிரசவத்துக்கு வந்து சேரும்போதே கர்ப்பப்பை வாய் கூடுதலாக விரிந்திருந்தது. ஆய்வு சிறியது, ஆனாலும் பழத்தால் கெடுதல் இல்லை என்பதால் 36 வாரத்திலிருந்து சாப்பிடலாம். கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம், ஆறு பழம் என்பது கணிசமான சர்க்கரை.

வலியை வரவழைக்கும் வைத்தியங்கள்

விளக்கெண்ணெய் வேண்டாம். அது குடலை முறுக்கிப் பேதியாக்குகிறது, அந்த எரிச்சலில் கர்ப்பப்பையும் சேர்ந்து சுருங்கலாம். கடைசியில், உடலில் நீர்வற்றி, தூக்கமில்லாமல், வாந்தியும் பேதியுமாகப் பிரசவத்துக்குள் நுழைகிறாள் தாய். காரமாகச் சாப்பிடுவதற்கும் அன்னாசிக்கும் ஆதாரமில்லை, மிஞ்சுவது நெஞ்செரிச்சல்தான். பெயர் தெரியாத மூலிகைக் கஷாயங்களில் எவ்வளவு வீரியம் என்று விற்பவருக்கே தெரியாது.

தாம்பத்தியம், பனிக்குடம் உடையாமலும் மருத்துவர் தடுக்காமலும் இருந்தால், கடைசி வாரம் வரை பாதுகாப்பானது. வலியைத் தொடங்கிவைக்கும் என்று நம்பி மட்டும் அதைக் கடமையாக்க வேண்டாம். முலைக்காம்பைத் தூண்டினால் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து கர்ப்பப்பை சுருங்குவது உண்மை. உண்மை என்பதாலேயே கவனம் வேண்டும்: இடைவெளி இல்லாமல் கர்ப்பப்பை இறுகினால் குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும். மருத்துவர் சொல்லாமல் வீட்டில் மணிக்கணக்கில் செய்வதற்கு உரியதல்ல. 39 வாரத்துக்குப் பிறகு, உள்பரிசோதனையின்போது பனிக்குடச் சவ்வைக் கர்ப்பப்பை வாயிலிருந்து விரலால் விலக்கிவிடும் முறையைச் சில மருத்துவர்கள் பரிந்துரைப்பார்கள். காத்திருக்க முடியாதவர்கள் எண்ணெயைத் தேடுவதைவிட அதைப் பற்றி விசாரிப்பது புத்திசாலித்தனம்.

பயமும் மூச்சும்

வலியை நடத்துவது ஆக்சிடோசின். பயந்தால் சுரப்பது அட்ரினலின். ஆரம்பக் கட்டத்தில் அட்ரினலின் ஏறினால் வலி தளர்ந்து நின்றுபோகலாம். வீட்டில் ஒழுங்காக வந்த வலி மருத்துவமனை வாசலை மிதித்ததும் அடங்கிவிடுவது இதனால்தான். மங்கிய வெளிச்சம், தெரிந்த குரல், கதகதப்பு, இவை சொகுசுக்காக அல்ல, ஹார்மோன் வேலை செய்வதற்காக.

மூச்சுப் பயிற்சி எளிது. மூக்கால் 4 எண்ணும் வரை இழுங்கள், வாயால் 6 முதல் 8 எண்ணும் வரை விடுங்கள். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். எண்ணுவதற்குப் பதில் ஒரு பைபிள் வசனத்தை வைத்துக்கொள்ளலாம். உள்மூச்சில் "பயப்படாதே", வெளிமூச்சில் "நான் உன்னுடனே இருக்கிறேன்". ஏசாயா 41:10 இப்படி மூச்சுக்கென்றே அமைந்ததுபோல இரண்டாகப் பிரியும். நீளமான வசனங்கள் அந்த நேரத்தில் நினைவில் நிற்காது. இதைப்போல ஒன்றிரண்டு போதும்.

பழகுவதற்கு ஒரு பனிக்கட்டி போதும். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு 60 விநாடி பிடியுங்கள். பிரசவத்தில் கர்ப்பப்பையின் ஒரு சுருக்கத்தின் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான். முதல் தடவை முகத்தைச் சுளித்து, தோளைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்து பாருங்கள். ஒரு நிமிடம் ஓய்வு. இரண்டாம் தடவை தோளை இறக்கி, தாடையைத் தளர்த்தி, வசனத்தோடு மூச்சை விட்டுக்கொண்டே பிடியுங்கள். குளிர் அதே குளிர்தான், அதை உடல் வாங்கும் விதம் மாறியிருக்கும். தினமும் மூன்று சுற்று செய்தால், வலி வரும் நாளில் யோசிக்காமலே மூச்சு அந்த வழியில் போகும். ஒரு கணக்கையும் நினைவில் வையுங்கள்: மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடச் சுருக்கம் என்றால், வலிக்கும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஓய்வு இருக்கிறது.

வலியைக் குறித்து விசுவாசிகளிடம் ஒரு குழப்பம் உண்டு. "வேதனையோடே பிள்ளை பெறுவாய்" என்ற ஆதியாகமம் 3:16ஐக் காட்டி, வலியைத் தாங்குவதே பக்தி, வலிமருந்து கேட்பது அவிசுவாசம் என்று சொல்லிவிடுகிறார்கள். இது புதிய வாதம் அல்ல. 1847ல் எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன் பிரசவத்தில் குளோரோஃபார்ம் என்ற மயக்கமருந்தைப் பயன்படுத்தியபோது மத ரீதியான ஆட்சேபம் எழுந்தது. அவர் பதிலாகக் காட்டியது ஆதியாகமம் 2:21: ஆதாமின் விலாவை எடுக்குமுன் கர்த்தரே அவனுக்கு அயர்ந்த நித்திரையை வரப்பண்ணினாரே! 1853ல் விக்டோரியா ராணியும் அதே மருந்தோடு பிள்ளை பெற்றார். மருந்தில்லாமல் பெற விரும்பினால் அதற்குத் தயாராகுங்கள், நல்லது. நடுவில் மருந்து வேண்டியிருந்தாலும், சிசேரியன் தேவைப்பட்டாலும், விசுவாசத்தின் மதிப்பெண்ணில் எதுவும் குறைந்துவிடாது. "என் தாயின் கர்ப்பத்தில் என்னைக் காப்பாற்றினீர்" என்ற சங்கீதம் 139, குழந்தை எந்த வழியாக வெளியே வர வேண்டும் என்று நிபந்தனை போடவில்லை.

பிரசவ வேதனையை மறைக்காமல் பேசியவர் இயேசு. யோவான் 16:21ல் பிரசவகாலத்தின் துக்கத்தையும், பிள்ளை பிறந்ததும் அந்த உபத்திரவம் நினைவிலிருந்து விலகுவதையும் ஒரே மூச்சில் சொல்கிறார். "வலிக்கவே வலிக்காது" என்று தேற்றுகிறவர்களின் பேச்சைவிட இது எவ்வளவோ நம்பத் தகுந்தது.

துணைக்கு நிற்பவர்

தொடர்ந்து கூடவே ஒருவர் இருந்தால் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது, நேரமும் குறைகிறது. இது பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்ட முடிவு. கணவரோ, அம்மாவோ, அக்காவோ, சபையில் அனுபவமுள்ள ஒரு சகோதரியோ, யாரானாலும் 36 வாரத்துக்குள் முடிவு செய்து, மருத்துவமனை அவரை உள்ளே விடுமா என்று முன்பே கேட்டுவையுங்கள்.

அவருக்கு நான்கு வேலை. அரைமணிக்கு ஒருமுறை ஒரு மிடறு தண்ணீர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறைக்கு எழுப்புவது. நிறைந்த சிறுநீர்ப்பை குழந்தையின் தலை இறங்குவதற்குத் தடையாகும். சுருக்கம் வரும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியால் வால் எலும்புக்கு மேலே உள்ள தட்டையான எலும்பில் அழுத்திப் பிடிப்பது. தேய்க்க வேண்டாம், அழுத்தினால் போதும். முதுகுவலி தூக்கலாக இருப்பவர்களுக்கு இதைப்போல் உதவுவது வேறில்லை. நான்காவது ஜெபம். அது குறுகியதாக, தாழ்ந்த குரலில், இரண்டு வலிக்கு நடுவே இருக்கட்டும். சுருக்கத்தின் உச்சத்தில் காதருகே உரக்க ஜெபித்தால் மூச்சின் தாளம் கெடும். நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறுகளில் இதுதான் அடிக்கடி நடப்பது.

வலி வந்ததும்

பொய் வலி ஒழுங்கில்லாமல் வரும். தண்ணீர் குடித்துப் படுத்தாலோ நடந்தாலோ அடங்கிவிடும். நிஜ வலி படுத்தாலும் நடந்தாலும் நிற்காது. நீளம் கூடும், பலம் கூடும், இடைவெளி குறையும். ரத்தக்கோடு கலந்த சளி போவது கர்ப்பப்பை வாய் மாறத் தொடங்கியதன் அடையாளம், ஆனால் வலி வர இன்னும் சில நாளும் ஆகலாம்.

முதல் பிரசவத்தில் ஆரம்பக் கட்டம் ஒரு நாள் முழுதும்கூட நீளும். அந்த நேரத்தில் பலர் செய்யும் தவறு, முதல் சுருக்கத்திலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, மாடிப்படி ஏறி இறங்கி, ராத்திரி முழுதும் விழித்திருப்பது. தள்ள வேண்டிய நேரத்தில் தெம்பு தீர்ந்திருக்கும். இரவென்றால் தூங்கப் பாருங்கள், பகலென்றால் எளிதாகச் செரிப்பதைச் சாப்பிட்டு வழக்கமான வேலையைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பும் நேரம். மருத்துவமனை தூரமென்றாலோ இது இரண்டாம் பிரசவமென்றாலோ முன்னதாகவே கிளம்புங்கள்.

கர்ப்பப்பை வாய் விரியும் முதல் கட்டத்தில் நின்றும் நடந்தும் உட்கார்ந்தும் இருப்பவர்களுக்கு, படுத்தே இருப்பவர்களைவிடச் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது. இதில் புதுமை எதுவுமில்லை. யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள் பார்த்த எபிரெயப் பெண்கள் மணையின்மேல் உட்கார்ந்துதான் பெற்றார்கள். கட்டிலைப் பிடித்து முன்னால் சாய்வது, பந்தில் உட்கார்ந்து தலையைக் கட்டிலில் வைப்பது, துணைவரின் தோளில் தொங்குவது எல்லாம் சரி. அரைமணிக்கு ஒருமுறை நிலையை மாற்றுங்கள்.

தள்ளும் நேரத்தில் உடலே உந்துதலைத் தரும், அதோடு சேர்ந்து போங்கள். தலை தெரியும்போது மருத்துவச்சி "தள்ளாதே" என்றால் உடனே வாயைத் திறந்து, மெழுகுவர்த்தியை அணைப்பதுபோல் குட்டிக் குட்டி மூச்சாக ஊதுங்கள். தலை மெதுவாக வந்தால் கிழிசல் குறையும். அப்போது பெரினியத்தில் வெதுவெதுப்பான ஈரத்துணியை வைத்துத் தாங்கச் சொல்லி முன்பே கேட்டுவையுங்கள். பெரிய கிழிசல்களை அது குறைக்கிறது.

உடனே கிளம்ப வேண்டியவை

குழந்தையின் அசைவு குறைந்தால் அன்றைக்கே போக வேண்டும், மறுநாள் என்று தள்ளக்கூடாது. "கடைசி மாதத்தில் இடமில்லாமல் அசைவு குறையும்" என்பது ஆபத்தான தவறு. அசைவின் விதம் மாறலாம், எண்ணிக்கை குறையக்கூடாது. சளியில் வெறும் ரத்தக்கோடாக இல்லாமல் மாதவிலக்குபோல ரத்தம் போனால், நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வந்தால், 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இருந்தால், விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென முகம் வீங்குவது, உள்ளங்கை உள்ளங்காலில் கடும் அரிப்பு, இவை எதற்கும் வீட்டில் காத்திருக்கக்கூடாது. பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் நேரத்தையும் நீரின் நிறத்தையும் குறித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் பேசுங்கள்.

நீர் உடைந்ததும் கயிறுபோல ஏதாவது வெளியே தெரிந்தாலோ தட்டுப்பட்டாலோ அது தொப்புள்கொடி. அதைத் தொடாமல், உள்ளே தள்ளாமல், முழங்காலை ஊன்றி நெஞ்சைத் தரையோடு தாழ்த்தி இடுப்பை உயர்த்திக்கொண்டே ஆம்புலன்ஸை அழையுங்கள். தலை கொடியை நசுக்காமலிருக்க அந்த நிலைதான் உதவும்.

ஜெபித்துக்கொண்டே கிளம்புங்கள். ஜெபித்து முடித்தபின் கிளம்பலாம் என்று மட்டும் இருக்காதீர்கள்.

பை

36 வாரத்திலேயே கட்டி, கதவருகே வையுங்கள். மேலே இருக்க வேண்டியது மருத்துவக் கோப்பும் ரத்தவகைச் சீட்டும். அடுத்தது முன்பக்கம் திறக்கும் உடை, பிறந்த உடனே குழந்தையை உங்கள் வெறும் நெஞ்சில் போட்டுக்கொள்ள அதுதான் வசதி. உதட்டுக்குப் பூச எண்ணெய், தலைமுடியைக் கட்ட ஒன்று, வழுக்காத செருப்பு. வசனங்களை அட்டையில் எழுதுவதானால் ஓர் அட்டைக்கு ஒன்று, அதுவும் பெரிய எழுத்தில். அட்டைகளைத் துணைக்கு வருபவரின் பையில் போடுங்கள். வலி வரும்போது நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருப்பீர்கள், வாசிக்க வேண்டியவர் அவர்தான்.